8 ஓம் டவர், 4 ஓம் சப்வூஃபர்: ஹோம் தியேட்டருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இருப்பவை: முன்னால் நிற்கும் இரண்டு டவர் ஸ்பீக்கர், 8 ஓம், 88 டெசிபல், 100 வாட், அதே வரிசையில் ஒரு சென்டர், பின்னால் மாட்ட இரண்டு சின்ன சரவுண்ட், 6 ஓம், 85 டெசிபல், உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாத 10 இன்ச் சப்வூஃபர், 4 ஓம், 150 வாட். ஹால் 12க்கு 16 அடி. உட்காரும் இடம் டிவியிலிருந்து 10 அடி. ஒரு கடையில் '1000 வாட் இல்லாமல் இதை ஓட்ட முடியாது' என்றார்களாம். இன்னொரு இடத்தில் ஏவிஆர்தான் (படத்தின் ஒலியைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கரையும் ஓட்டும் கம்பெனி ரிசீவர்) வாங்க வேண்டும் என்றார்களாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அசெம்பிள் செய்கிறவர் 'பாதி விலையில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போட்டுத் தாறேன்' என்றாராம். எதை எடுக்கலாம் அண்ணாச்சி என்பது கேள்வி.

தம்பி, விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து ஸ்பீக்கருக்கும் சேனலுக்கு நிஜமான 50 முதல் 80 வாட் போதும். அந்த ஆம்ப்ளிஃபயர் 6 ஓம் ஸ்பீக்கரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். சப்வூஃபருக்கு 4 ஓமில் 100 முதல் 150 வாட் தரும் தனி மோனோ ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை உங்களிடம் பேசிய மூன்று பேரும் சொல்லவில்லை. எனக்குக் கவலை அதுதான், பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாவதும் பொருள் எரிவதும் அங்கேதான்.

வாட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு டெசிபலைப் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் 88 டெசிபல் என்று இருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளக்கும்போது அவ்வளவு சத்தம் வரும் என்று பொருள். நம் ஊர்க் கோயில் கொடையில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு இந்த எண் 105ஐத் தாண்டும். அதனால்தான் 40 வாட் யூனிட் ஒன்று அடுத்த ஊர் வரை கேட்கிறது. அந்தச் சத்தத்தை உங்கள் டவரில் எடுக்க 50 மடங்கு வாட் வேண்டியிருக்கும். ஆக, 'எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர்' என்ற கேள்விக்கு ஸ்பீக்கரின் டெசிபல் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படுவதற்கே சுமாராக அந்த 10 டெசிபல் தேவை. 50 வாட் ஆம்ப்ளிஃபயரை மாற்றி 100 வாட் வைத்தால் லேசாகக் கூடினதுபோல இருக்கும், அவ்வளவுதான். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கியிருந்தால் அதே பலன் பழைய ஆம்ப்ளிஃபயரிலேயே கிடைத்திருக்கும்.

உங்கள் ஹாலுக்குக் கணக்குப் போடுவோம். 10 அடி என்றால் 3 மீட்டர். திறந்தவெளியில் இந்தத் தூரத்தில் 9.5 டெசிபல் குறையும். ஹாலுக்குள் சுவரும் தளமும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் 6 டெசிபல் குறைவதாக வைத்துக்கொள்ளலாம். 1 வாட் கொடுத்தால் சோபாவில் 82 டெசிபல். 4 வாட்டில் 88, 16 வாட்டில் 94, 32 வாட்டில் 97, 64 வாட்டில் 100. இது ஒரே ஒரு டவர் ஓடும்போது. சினிமா தியேட்டரில் அளவு வைப்பது சராசரி 85 டெசிபல், வெடிச்சத்தம் வரும் நொடியில் ஒரு சேனலுக்கு 105 என்ற கணக்கில். காரை பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் வீட்டு ஹாலில் சராசரி 75 வந்தாலே பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். 75 சராசரிக்கு உச்சம் 95. அதற்கு உங்கள் டவருக்கு 20 வாட் போதும். அதற்கு மேல் இரண்டு மூன்று மடங்கு கையிருப்பு வைத்தால் 40 முதல் 60 வாட். தியேட்டர் அளவு 105 கேட்டால்தான் 200 வாட்டுக்குப் போக வேண்டும்.

இதில் ஒரு பிடி இருக்கிறது. பல கம்பெனிகள் 1 வாட் என்று எழுதாமல் 2.83 வோல்ட் என்று எழுதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் 2 வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் '2.83 வோல்ட்டில் 89' என்று இருந்தால் நிஜத்தில் அது 86 டெசிபல் ஸ்பீக்கர். உங்கள் 6 ஓம் சரவுண்டுக்கும் இந்த முறையில் எழுதியிருந்தால் ஒரு டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட். பிஎம்பிஓ (நொடி நேர உச்ச வாட் என்று சொல்லிக்கொள்ளும் எண்) என்று எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள், அதற்கு அளவுமுறையே கிடையாது. நல்ல கம்பெனி பெட்டியிலும் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒரே ஏவிஆருக்கு ஓரிடத்தில் 145 வாட், இன்னோரிடத்தில் 90 வாட் என்று இருக்கும். முதல் எண், ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் அளந்தது. இரண்டாவது எண், இரண்டு சேனலையும் சேர்த்து ஓட்டி, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்கும் குறைந்த டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதைத்தான், அதிலும் 8 ஓமுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். '10 சதவீத டிஸ்டார்ஷன்' என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த வாட் ஏற்கெனவே கிழிந்த சத்தத்தில் அளந்தது.

ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் அந்த 90 வாட்டைத் தருமா என்றால் தராது. எல்லாவற்றுக்கும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர்தான். ஐந்தும் சேர்ந்து இழுத்தால் சேனலுக்கு 40 வாட் வந்தாலே நல்லது. ஆனால் படத்தில் ஐந்து சேனலும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அபூர்வம். சென்டர் வசனத்தைச் சுமக்கும், சரவுண்ட் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதனால் இது குறையில்லை. தூக்கிப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை: பழைய பாணி ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள 5.1 ஏவிஆர் சுமார் 7 கிலோவாவது இருக்கும். கிளாஸ் டி வகைக்கு இந்தச் சோதனை செல்லாது, அது எடை குறைவாகவே நல்ல வாட் தரும்.

இனி ஓம், அதாவது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை. வாட் குறைந்தால் சத்தம்தான் குறையும், ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் எரியும். 8 ஓம் இடத்தில் 4 ஓம் மாட்டினால் அதே வால்யூமில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும், அவுட்புட் ஐசியோ ட்ரான்சிஸ்டரோ இரண்டு மடங்கு சூடாகும். லேபிளை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து ஸ்பீக்கர் முனைகளை அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 6 ஓம் ஸ்பீக்கர் 5 அளவில், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.6. லேபிளில் 8 என்று இருந்து மீட்டர் 3.4 காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர்தான், அல்லது உள்ளே இரண்டு வூஃபரை பேரலலாக (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து) கொடுத்திருக்கிறார்கள். டவருக்குள் இரண்டு வூஃபர் இருந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது. அளக்கும்போது முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். மலிவு மீட்டரின் ஒயரே அரை ஓம் காட்டும்.

மாடியறைக்கும் சேர்த்து ஓடட்டும் என்று ஒரே சேனலில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கரை பேரலலாக மாட்டுகிறவர்கள் உண்டு. 8ம் 8ம் பேரலல் 4. 6ம் 6ம் பேரலல் 3. வீட்டு ஏவிஆர் 3 ஓமுக்குச் செய்ததில்லை. சத்தம் கூட்டியதும் 'ப்ரொடெக்ட்' என்று காட்டி அணைந்துவிடும். அணைவது நல்லது; அணையத் தெரியாத ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிடும்.

இப்போது உங்கள் சப்வூஃபர். 5.1 ஏவிஆரின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் முனைகள் ஐந்து ஜோடிதான் இருக்கும். 'சப்வூஃபர் அவுட்' என்று இருப்பது ஒற்றை ஆர்சிஏ சாக்கெட். அதில் வருவது சிக்னல் மட்டுமே, ஸ்பீக்கரை ஓட்டும் பலம் அதில் கிடையாது. உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆக்டிவ் சப்வூஃபரை மனதில் வைத்துச் செய்தது அது. உங்களுடையது பாஸிவ். அதை முன் சேனலில் டவரோடு சேர்த்து முறுக்கி மாட்டினால் 8ம் 4ம் பேரலலாகி 2.7 ஓம் ஆகிவிடும். இதைச் செய்துவிட்டு 'அந்தக் கம்பெனி ஏவிஆர் சரியில்லை' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சரியான வழி: ஏவிஆரின் சப்வூஃபர் அவுட்டிலிருந்து ஒரு ஆர்சிஏ ஒயர், அது போய்ச் சேர 4 ஓம் தாங்கும் ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து சப்வூஃபர். பெட்டிக்குப் பின்னால் பதிக்கும் ப்ளேட் ஆம்ப்ளிஃபயர் கிடைத்தால் அது இன்னும் வசதி. கார் சப்வூஃபராக இருந்து அதில் இரட்டை காயில், 4ம் 4ம் இருந்தால் இரண்டையும் சீரிஸாக (ஒன்றன்பின் ஒன்றாக) கொடுத்து 8 ஓம் ஆக்கிக்கொள்ளுங்கள். பேரலல் கொடுத்தால் 2 ஓம், அது கார் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும்தான் சரிவரும்.

அசெம்பிள் செய்கிறவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நன்றாகச் செய்கிறவர் கையில் அது நல்ல பொருள்தான், ரிப்பேருக்கு உள்ளூரிலேயே ஆள் இருப்பதும் பெரிய விஷயம். ஆனால் உள்ளே என்ன போடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் டிடிஏ 7294 ஐசி போர்டு அல்லது 5200, 1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி போர்டு. டிடிஏ 7294ஐ '100 வாட் ஐசி' என்பார்கள். அந்த 100 வாட் 10 சதவீத டிஸ்டார்ஷனில். நல்ல சத்தத்தில் 70 வாட், அதுவும் 8 ஓமுக்கு ±35 வோல்ட், 6 ஓமுக்கு ±31, 4 ஓமுக்கு ±27 என்று சப்ளை கொடுத்தால். ஸ்பீக்கர் ஓம் குறையக் குறைய வோல்ட்டையும் குறைக்க வேண்டும் என்பதை இந்த மூன்று எண்ணும் சொல்லிவிடுகின்றன. எல்லாப் போர்டையும் ஒரே 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மரில் (நடு முனையிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட் ஏசி) மாட்டி, சப்வூஃபருக்கும் அதே ஐசியைப் போடுவதுதான் நம் பக்கம் வழக்கம். ஐந்து சேனலும் பிழைத்துக்கொள்ளும், சப்வூஃபர் ஐசி மட்டும் கோடையில் போய்விடும்.

ஏன் போகிறது என்று எண்ணாலேயே பார்க்கலாம். 24 வோல்ட் ஏசி பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) கண்டன்சரும் தாண்டி ±33 வோல்ட் அளவில் நிற்கும். அந்த சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கர் ஓடினால் ஐசிக்குள் அதிகபட்சம் 28 வாட் சூடாகப் போகும். 4 ஓம் என்றால் 55 வாட். ஐசியின் உட்பகுதிக்கும் அதன் முதுகுத் தகட்டுக்கும் இடையில் வாட்டுக்கு 1.5 டிகிரி ஏறும், ஆகவே 55 வாட்டுக்கு 82 டிகிரி. பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரத்தில் அறைக்குள்ளேயே 38 டிகிரி. இரண்டும் சேர்ந்தே 120. இந்த ஐசி 145 டிகிரியில் தானாக வாயை மூடிக்கொள்ளும். மைக்காவுக்கும் (கரண்ட் கடக்காமல் இடையில் வைக்கும் மெல்லிய தகடு) ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் அலுமினியம்) மிஞ்சுவது 25 டிகிரிதான். உள்ளங்கை அளவு அலுமினியத் துண்டால் அதற்குள் நிறுத்தவே முடியாது. படத்தில் சண்டை வந்ததும் சப்வூஃபர் நின்று, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப வருகிறது என்றால் காரணம் இதுதான்.

ஆகவே சப்வூஃபருக்கு இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். ஒன்று, அதே ஐசி, ஆனால் தனியாக 18-0-18 ட்ரான்ஸ்ஃபார்மர். ±24 வோல்ட் அளவில் 4 ஓமில் 45, 50 வாட் வரும்; சின்ன அறைக்கு அதுவே போதும். அல்லது 5200, 1943 இரண்டு ஜோடி உள்ள போர்டு, 24-0-24, பெரிய ஹீட்சிங்க், 12 வோல்ட் ஃபேன். இதில் 100 வாட் நிஜமாகவே கிடைக்கும். உங்கள் ஹாலுக்கு என் வாக்கு இரண்டாவதற்கு. 5200, 1943 இரண்டிலும் போலி நிறைய நடமாடுகிறது; எழுத்து அழுத்தமில்லாமல் நகத்தால் சுரண்டினால் அழிவது, எடை குறைவாக இருப்பது இரண்டும் அடையாளம்.

28-0-28 போட்டால் சத்தம் கூடும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 230 வோல்ட் கரண்டில் அது ±39 வரும். டிடிஏ 7294 ஓடும்போது தாங்கும் எல்லை ±40. ராத்திரி பம்புசெட் எல்லாம் நின்றபின் கிராமத்து லைனில் 250 வோல்ட் வருவது நமக்குப் புதிதில்லை. 250 வந்தால் அது ±42ஐத் தாண்டிவிடும். அதே காரணத்துக்காக 24-0-24க்கும் கண்டன்சர் 35 வோல்ட் ரகம் கூடாது. சுமை இல்லாதபோது ட்ரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகவே தரும் என்பதால் ±39 வரை போகலாம். 63 வோல்ட் ரகம், பக்கத்துக்கு 10000 எம்எஃப்டியாவது (மைக்ரோஃபாரட்) இருக்கட்டும். 24-0-24, 5 ஆம்பியர் என்றால் 240 விஏ. ஐந்து சேனலுக்கு அது சரி. சப்வூஃபருக்குத் தனி ட்ரான்ஸ்ஃபார்மர் வைப்பது நல்லது, பாஸ் அடிக்கும்போது வசனம் நடுங்காது. செம்புக் கம்பி சுற்றியதா, அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் என்றால் அதே ஆம்பியருக்கு அதிகம் சூடாகும்.

இன்னொரு நுணுக்கம். டிடிஏ 7294இன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்காவும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் முடுக்கினால் ஹீட்சிங்கில் 33 வோல்ட் நிற்கும், அது எர்த் கொடுத்த பெட்டியைத் தொட்ட நொடியில் ஷார்ட். 5200, 1943இல் தகடு கலெக்டர். ஒன்றில் ப்ளஸ், மற்றதில் மைனஸ், இரண்டும் ஒரே ஹீட்சிங்கில் மைக்கா இல்லாமல் உட்கார்ந்தால் சப்ளையே ஷார்ட். வேலை முடிந்ததும் கரண்ட் கொடுக்காமல் மீட்டரால் ஹீட்சிங்குக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் பீப் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும், வரக்கூடாது. முதல் முறை ஆன் செய்யும்போது 100 வாட் குண்டு பல்பை கரண்ட் லைனில் சீரிஸில் போட்டு ஆன் செய்யச் சொல்லுங்கள். கண்டன்சர் நிரம்பும்வரை பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் நின்று எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிறகு ஸ்பீக்கரை மாட்டாமல், பாட்டு எதுவும் ஓட்டாமல், ஒவ்வொரு அவுட்புட்டிலும் டிசி வோல்ட் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் போர்டில் கோளாறு. சப்ளை வோல்ட்டே அங்கு வந்தால், மாட்டிய ஸ்பீக்கரின் காயில் சில நொடியில் கருகிவிடும். அதனால் ரிலேயோடு கூடிய ஸ்பீக்கர் ப்ரொடெக்ஷன் போர்டு, பெரும்பாலும் சி1237 ஐசியில் வருவது, எல்லாச் சேனலுக்கும் கட்டாயம். அதைத் தவிர்த்துவிட்டு விலை குறைக்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அசெம்பிள் செட்டில் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது: டீகோடர், அதாவது படத்தின் டிஜிட்டல் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரிக்கும் போர்டு, எது? ஸ்டீரியோ சிக்னலை வடிகட்டி ஆறாகப் பிரிக்கும் போர்டையும் '5.1 போர்டு' என்றே சொல்கிறார்கள். அதில் பின் ஸ்பீக்கரிலும் பாட்டுக்காரர் குரல்தான் வரும். ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயரிலேயே திருப்பி அனுப்பும் வசதி) உள்ளீடு இருந்து, டால்பி டிஜிட்டலைப் பிரிக்கத் தெரிந்த போர்டுதான் நிஜ 5.1. டிவியின் செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோ என்று மாற்ற வேண்டும். பிசிஎம் என்று இருந்தால் ஆப்டிகலில் இரண்டு சேனல் மட்டுமே வரும். எவ்வளவு நல்ல டீகோடர் வைத்தாலும் பின்னால் சத்தமே இருக்காது. பல டிவிகள் டிடிஎஸ்ஸை வெளியே அனுப்பாது. பென் டிரைவ் படத்தில் டிடிஎஸ் மட்டும் இருந்து சத்தம் வரவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்க வேண்டாம். எச்டிஎம்ஐ ஒயரையும் டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும், மற்றதில் மாட்டினால் சத்தம் திரும்பி வராது.

ஏவிஆரில் இந்தத் தலைவலி இல்லை. டீகோடர், சேனலுக்குச் சேனல் அளவு, தூரக் கணக்கு, கிராஸ்ஓவர் (எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்வூஃபருக்கு அனுப்புவது என்ற பிரிப்பு) எல்லாம் உள்ளேயே இருக்கும். மைக் வைத்துத் தானே அளந்துகொள்வதும் உண்டு. என் கருத்து: ஐந்து சேனலுக்கு ஏவிஆர், சப்வூஃபருக்கு மட்டும் அசெம்பிள் மோனோ. உங்கள் பொருளுக்கும் பணத்துக்கும் இதுவே பொருந்தும். வளைகுடாவிலிருந்து வந்தவர்களிடம் பழைய ஏவிஆர் நம் பக்கம் நிறையக் கிடைக்கிறது. பின்னால் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் அமெரிக்கச் சந்தைப் பொருள், அதற்கு ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும். எச்டிஎம்ஐ வேலை செய்யாத பழையதாக இருந்தாலும் ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 5.1 ஓடினால் போதுமானது. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

ஸ்பீக்கர் 100 வாட், ஆம்ப்ளிஃபயர் 50 வாட் என்றால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்று சொல்வார்கள். குறைந்த வாட் தானாக எரிக்காது. 50 வாட்டுக்கு மேல் கேட்டு வால்யூமை முழுக்கத் திருகும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில் உயர் ஸ்வரங்கள் பெருகி, சராசரி வாட்டும் ஏறி, சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டர் முதலில் போகிறது. சத்தம் கரகரப்பாக, 'ச' ஒலி கிழிந்து கேட்கத் தொடங்கிய இடமே எல்லை. அங்கிருந்து கொஞ்சம் குறைத்து வைத்தால் 30 வாட் ஆம்ப்ளிஃபயரிலும் 100 வாட் ஸ்பீக்கர் வருஷக்கணக்கில் ஓடும்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயர் போதும். பின் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் இழுத்தால் போக வர 20 மீட்டர், அதில் 0.27 ஓம் அளவு வரும். சிவப்பு கறுப்பு மெல்லிய 0.5 ஒயரில் 0.8 ஓம் ஆகிவிடும், 6 ஓம் ஸ்பீக்கரில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். சப்வூஃபருக்கு 2.5 போடுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் நிறைய வருகிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களில் ஒயர் முனை ஒரு வருஷத்தில் பச்சை பிடிக்கும், தென்காசிப் பக்கம் சாரல் காலத்து ஈரத்திலும் ரிலேயும் வால்யூம் கண்ட்ரோலும் கரகரக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அரை இன்ச் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு மேலே ஒரு சாணும் பக்கங்களில் நான்கு விரற்கடையும் இடம் விடுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்து மூடாதீர்கள், செட்டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றாதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடும் ஏறும். சைன்வேவ் இன்வெர்ட்டர் என்றால் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரையும் கழற்ற வேண்டும். மின்னல் பெரும்பாலும் அந்த வழியாக வந்து, செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் மூலம் டிவியையும் ஏவிஆரையும் சேர்த்து அடிக்கிறது. மெல்லிய 'ம்ம்ம்' உறுமல் இருந்தாலும் இதே ஒயரைக் கழற்றிப் பாருங்கள்: உறுமல் நின்றால் அது எர்த் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவது). நிற்காமல் கொஞ்சம் உயர்ந்த குரலில், 100 ஹெர்ட்ஸில் உறுமினால் சப்ளை கண்டன்சர் வலுவிழந்திருக்கலாம்.

எல்லாம் மாட்டியபின் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஏவிஆரில் டவர் உட்பட எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வையுங்கள். டவருக்கும் சென்டருக்கும் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், சின்ன சரவுண்டுக்கு 120. இதனால் கனமான பாஸ் முழுக்க சப்வூஃபருக்குப் போய், ஏவிஆரின் சுமை பெரிதும் குறையும். வாட் போதவில்லை என்று நினைக்கிற பலருக்கு இந்த ஒரு மாற்றமே தீர்வு. சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயரில் தனியாக ஃபில்டர் குமிழ் இருந்தால் அதை உச்சத்தில் வைத்துவிடுங்கள், வடிகட்டுவதை ஏவிஆர் பார்த்துக்கொள்ளும். ஒயரில் ப்ளஸ் மைனஸ் சந்தேகம் இருந்தால் ஏவிஆரிலிருந்து கழற்றிய ஒயர் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை நொடி நேரம் தொடுங்கள். வூஃபர் கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்ட ஒயர்தான் ப்ளஸ். பிறகு டெஸ்ட் டோன் ஓட்டி ஐந்து ஸ்பீக்கரையும் சோபாவில் 75 டெசிபலுக்குச் சமன் செய்யுங்கள், போனில் உள்ள அளவு ஆப் ஒப்பிடுவதற்குப் போதும். கடைசியாக, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, சப்வூஃபர் ஒயரின் இரண்டு முனையையும் ஒருமுறை மாற்றி மாட்டிக் கேளுங்கள். சோபாவில் தவில் அடி எப்படி மாட்டியபோது கனமாக விழுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும்.